ஆவணப்படம் எடுத்தால் எங்கள் ஊர்க்காரர் வெளியே வருவாரா?

மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் கேள்வி படங்களைப் பற்றியது. தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களைப் பற்றி வெளிநாட்டில் எடுத்த ஆவணப்படங்களை வரிசையாகப் பார்த்திருக்கிறீர்கள், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கிறீர்கள். ஆனால் விஷயம் கடைசி நாலு வரியில்தான் இருக்கிறது. மன்னார்குடிப் பக்கம் உங்கள் கிராமத்துக்காரர் ஒருவர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுத் திருச்சி மத்திய சிறையில் இருக்கிறார். அவர் செய்யவில்லை என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். உங்களிடம் கேமரா இருக்கிறது, எடிட்டிங் தெரிந்த நண்பர் இருக்கிறார். படம் எடுத்தால் அவர் வெளியே வருவாரா? நீங்கள் உண்மையில் கேட்டது இதைத்தான். படத்தால் வர மாட்டார் என்பதுதான் என் பதில். படத்துக்காக நீங்கள் அலையும்போது கிடைக்கிற ஏதோ ஒரு தகவலால் வரலாம். அதுவும் அந்தத் தகவல் முறைப்படி கோர்ட்டுக்குள் போனால்தான்.

நான் கும்பகோணம் கோர்ட்டுகளில் கிரிமினல் பக்கம், பெரும்பாலும் எதிரி தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில், ரொம்ப வருஷமாக ஆஜராகிற வக்கீல். படம் எடுக்கத் தெரியாது. அமெரிக்கச் சட்டத்தைத் தீர்ப்புகளில் படித்ததோடு சரி, அங்கே எந்தக் கோர்ட்டிலும் நின்றதில்லை. உங்கள் ஊர்க்காரர் நிரபராதியா என்பதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். கேஸ் கட்டைப் படிக்காமலே அதைச் சொல்கிற வக்கீலிடம் ஃபீஸ் கொடுத்துவிடாதீர்கள்.

படத்தால் ஒருவர் வெளியே வந்தார் என்று எல்லாரும் முதலில் காட்டுவது எரோல் மோரிஸ் 1988இல் எடுத்த ‘தி தின் ப்ளூ லைன்’. 1976 நவம்பரில் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் ராபர்ட் வுட் என்ற போலீஸ்காரர் ராத்திரி ஒரு காரை நிறுத்தி விசாரிக்கப் போகும்போது சுடப்பட்டுச் செத்தார். கார் திருட்டுக் கார். அதைத் திருடியவன் டேவிட் ஹாரிஸ் என்ற 16 வயதுப் பையன். சுட்டது நானில்லை, அன்று என்னோடு வந்த ராண்டல் டேல் ஆடம்ஸ்தான் என்று அவன் சொன்னான். ஆடம்ஸ் வேலை தேடி வந்த வெளியூர்க்காரர். மரண தண்டனை விதித்தார்கள். 1979இல் நிறைவேற்ற மூன்று நாள் இருக்கும்போது உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் நிறுத்திவைத்தார். ஜூரி தேர்வில் இருந்த குறையால் 1980இல் மரண தண்டனை போய் ஆயுளாயிற்று. ஆனால் குற்றவாளி என்ற முடிவு அப்படியே இருந்தது. இதைக் கவனியுங்கள். நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், அவர் உயிர் தப்பியும், ‘இவன்தான் சுட்டானா’ என்ற கேள்வியை யாரும் திரும்பத் திறக்கவில்லை. அங்கே மேல் கோர்ட்டுகள் பெரும்பாலும் முறையைத்தான் பார்க்கும், ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

மோரிஸ் ஆடம்ஸுக்காகப் போனவரும் இல்லை. அங்கே ஜேம்ஸ் கிரிக்சன் என்று ஒரு மனநல மருத்துவர் இருந்தார். எதிரியைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ‘இவனை விட்டால் மறுபடியும் கொல்வான்’ என்று கூண்டேறிச் சொல்லி, பலருக்கு மரண தண்டனை கிடைக்கக் காரணமாக இருந்தவர். அவரைப் பற்றிப் படமெடுக்கப் போன இடத்தில்தான் மோரிஸுக்கு ஆடம்ஸ் கிடைத்தார். மோரிஸ் முன்பு தனியார் துப்பறிவாளராக வேலை பார்த்தவர். அந்தப் பழக்கம் படத்தில் தெரிகிறது. சாட்சிகளை அவர் மிரட்டுவதில்லை, குறுக்கே பேசுவதில்லை, பேச விடுகிறார். எமிலி மில்லர் என்ற பெண் சாட்சி அப்படிப் பேசிக்கொண்டே போகும்போது, அடையாள அணிவகுப்பில் தான் முதலில் வேறு ஒருவரைக் காட்டியதையும், சரியான ஆள் யார் என்று போலீஸ்காரர் ஒருவர் சொன்னதையும் தானாகவே சொல்லிவிடுகிறார். கோர்ட்டில் சொல்லப்பட்டது இதற்கு நேர் எதிர். கடைசியில் ஹாரிஸுடனான பேட்டி. அவன் அப்போது வேறொரு கொலைக்காக மரண தண்டனைக் கைதி. அன்று கேமரா பழுதாகிவிட்டதால் திரையில் ஒரு டேப் ரிக்கார்டர் மட்டும் சுற்றுகிறது, அவன் குரல் கேட்கிறது. ஆடம்ஸ் நிரபராதி என்கிறான். எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரிந்தவன் நான்தானே என்கிறான்.

இங்கேதான் நம் ஆட்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆடம்ஸ் வெளியே வந்தது தியேட்டரில் படம் ஓடியதால் அல்ல. படம் வந்த பிறகு டல்லாஸில் ஒரு நீதிபதி முன்னால் மறுபடியும் விசாரணை நடந்தது. ஹாரிஸ் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொன்னான். டெக்சாஸின் உச்சபட்சக் குற்றவியல் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்ததற்குக் காரணம், அரசுத் தரப்பு பொய்ச் சாட்சியத்தைப் பயன்படுத்தியது, எதிரிக்குச் சாதகமான தகவலை மறைத்தது என்பவை. 1989 மார்ச்சில் ஆடம்ஸ் விடுதலையானார். நஷ்டஈடு கிடைக்கவில்லை. பிற்பாடு தன் கதையின் உரிமை யாருக்கு என்று அவரே மோரிஸ் மேல் வழக்குப் போட்டார். அது நீங்களும் யோசிக்க வேண்டிய விஷயம். படம் ஓடினால் அந்தக் கதை யாருடையது என்று ஊர்க்காரரின் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நீங்கள் சொன்ன ‘பாரடைஸ் லாஸ்ட்’. 1993இல் அர்கன்சாவில் எட்டு வயதுப் பையன்கள் மூன்று பேர் கொல்லப்பட்ட வழக்கு. பதின்வயதுக்காரர்கள் மூவர் தண்டிக்கப்பட்டார்கள். ஜோ பெர்லிங்கர், புரூஸ் சினோஃப்ஸ்கி இருவரும் 1996, 2000, 2011 என்று மூன்று படங்கள் எடுத்தார்கள். ஆதரவு, பணம், நல்ல வக்கீல்கள், டி.என்.ஏ. சோதனை என்று எல்லாம் அந்தப் படங்கள் கிளப்பிய அலையில் வந்தவை. ஆனாலும் 2011 ஆகஸ்டில் அவர்கள் வெளியே வந்தது, ‘நாங்கள் செய்யவில்லை, ஆனால் தண்டிக்கப் போதுமான சாட்சியம் அரசிடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறோம்’ என்ற வினோதமான ஒரு சமரசத்தில். ஏட்டில் இன்றும் குற்றவாளிகள்தான். இன்னொன்றும் உண்டு. இரண்டாவது படம் செத்த பையன்களில் ஒருவனின் வளர்ப்புத் தந்தை மேல் சந்தேகத்தைத் திருப்பியது. பிள்ளையைப் பறிகொடுத்த மனிதரை நாடே கொலைகாரனாகப் பார்த்தது. அந்த மூவர் நிரபராதிகள் என்று பின்னாளில் அவரே பேசினார். உங்கள் ஊரில் ‘அவன் செய்யவில்லை’ என்று சொல்பவர்கள் அடுத்த மூச்சில் ‘செய்தது இன்னார்’ என்று ஒரு பெயரையும் சொல்வார்கள். அந்தப் பெயர் உங்கள் படத்தில் வரக் கூடாது, சாடையாகக்கூட.

‘மேக்கிங் எ மர்டரர்’ பார்த்து உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஸ்டீவன் ஏவரி செய்யாத குற்றத்துக்கு 18 வருஷம் உள்ளே இருந்து, 2003இல் டி.என்.ஏ.வால் வெளியே வந்து, 2005இல் கொலை வழக்கில் மறுபடி கைதானவர். அந்தத் தொடரில் என்னை உலுக்கியது ஏவரி இல்லை, அவருடைய அக்காள் தங்கை வழியில் மருமகனான பிரெண்டன் டாசி என்ற 16 வயதுப் பையனின் விசாரணை. அதிகாரிகள் கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுக்கிறார்கள். பையன் எது சொன்னால் விடுவார்கள் என்று ஊகித்து ஊகித்துச் சொல்கிறான். நாம் இதைப் பார்க்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சிறார்களைக் காவலில் விசாரித்தால் பதிவு செய்தாக வேண்டும் என்று விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 2005இல்தான் சொல்லியிருந்தது. டாசியை விசாரித்தது 2006இல். அதே விசாரணை இரண்டு வருஷம் முன்னால் நடந்திருந்தால் கையெழுத்திட்ட வாக்குமூலம் மட்டும் மிஞ்சியிருக்கலாம், படத்துக்கு அந்தக் காட்சியே இருந்திருக்காது. இத்தனைக்கும் பிறகு முடிவு என்ன? கீழ்நிலை ஃபெடரல் நீதிமன்றம் 2016இல் அவன் தண்டனையை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அதைத் திருப்பியது. 2018இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. உலகமே பார்த்த ஒரு தொடரால் ஒரே ஒரு நீதிபதியின் ஓட்டை மாற்ற முடியவில்லை. ஏவரிக்கு எதிரான சில சாட்சியங்களைத் தொடர் விட்டுவிட்டது என்ற குற்றச்சாட்டும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. டாசி விஷயத்தில் என் கருத்து தெளிவு, அந்த வாக்குமூலத்தை வைத்து ஒரு பையனைத் தண்டிக்கக் கூடாது. ஏவரி விஷயத்தில் படத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வர மாட்டேன்.

பதிவு இருந்தால் போதுமா என்றால், அது எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். 1989இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் பையன்கள் ஒப்புக்கொள்வது வீடியோவில் இருந்தது. அதற்கு முன்னால் மணிக்கணக்கில் நடந்த விசாரணை வீடியோவில் இல்லை. 2002இல் உண்மையான ஆள் தானே ஒப்புக்கொண்டு, டி.என்.ஏ.வும் பொருந்தி, ஐந்து பேரின் தண்டனையும் ரத்தாயிற்று. அவர்களைப் பற்றிய ஆவணப்படம் வந்தது 2012இல். அதாவது அவர்களை விடுவித்தது அந்தப் படம் அல்ல.

இப்போது நம்மூருக்கு வருவோம். டெல்டாவில் ஒரு கொலை வழக்கு எப்படி உருவாகிறது என்று தெரியாமல் நீங்கள் கேமராவைத் தூக்கினால், தப்பான இடத்தில்தான் வைப்பீர்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. இது 1872 சாட்சியச் சட்டத்திலிருந்து இருக்கிற விதி, இப்போதைய பாரதிய சாட்சிய அதினியத்தில் 23ஆம் பிரிவு. ஆனால் அதிலேயே ஒரு ஜன்னல் உண்டு. எதிரி சொன்னதை வைத்து ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு அவன் பேச்சு செல்லும். பழைய சட்டத்தில் அது 27ஆம் பிரிவு, பழைய ஆட்கள் இன்றும் ‘27 ரெகவரி’ என்றுதான் சொல்வார்கள். இன்னொரு ஜன்னல் வி.ஏ.ஓ. அவர் போலீஸ் இல்லை. அதனால் எதிரி அவரிடம் போய் ஒப்புக்கொண்டால் அது கோர்ட்டுக்கும் போலீஸுக்கும் வெளியே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். அது தானாகவே செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அது நம்பத்தக்கதா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். விளைவு, தமிழ்நாட்டில் எத்தனையோ கொலை வழக்குக் கட்டுகளில் வெட்டியவன் தலைமறைவாக இருந்துவிட்டு, ஒரு நாள் காலையில் மனம் திருந்தி, உறவுக்காரனிடம் போகாமல், வக்கீலிடம் போகாமல், அதுவரை பேசியே இராத வி.ஏ.ஓ.வைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொல்கிறான். பக்கத்தில் தலையாரி சாட்சி. இருவரும் அரசு ஊழியர்கள், பிறழ் சாட்சியாக மாறுவது அபூர்வம்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். குடமுருட்டிப் பாசனத்தில் ஒரு கிராமம். வரப்புத் தகராறு முற்றிக் கொலையில் முடிந்தது. ஆகஸ்ட் மாதம். ஐந்தாம் நாள் எதிரி வி.ஏ.ஓ. ஆபீஸுக்குத் தானாக வந்தாராம், வாக்குமூலம் கொடுத்தாராம், பிறகு போலீஸாரை அழைத்துப் போய் வாய்க்கால் மதகுக்கு அடியிலிருந்து அருவாளை எடுத்துக் கொடுத்தாராம். மகஜரில், அதாவது சாட்சிகள் முன் எழுதுகிற கைப்பற்றல் குறிப்பில், ‘ரத்தக் கறை படிந்த அருவாள்’ என்று இருந்தது. ரசாயனப் பரிசோதனை அறிக்கையில் மனித ரத்தம் என்று இருந்தது. படிக்கும்போது எல்லாம் கோர்வையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருஷம் மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்துவிட்டிருந்தார்கள். ஆகஸ்டில் அந்த வாய்க்காலில் தண்ணீர் போகாமல் இருக்குமா என்பதுதான் எங்களுக்கு முதலில் தோன்றியது. பொதுப்பணித் துறையின் ஷட்டர் பதிவேட்டுக்கு சம்மன் கேட்டு மனுப் போட்டோம். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் தினமும் எழுதிவைக்கிற சாதாரண நோட்டு அது. அடுத்து வி.ஏ.ஓ. கூண்டில் இருக்கும்போது அவர் கையாலேயே எழுதிய அடங்கலை, அதாவது பயிர்ப் பதிவேட்டை, அவரிடம் காட்டினோம். மதகை ஒட்டிய வயல்களில் என்ன பயிர்? குறுவை. பாய்ச்சல் எதிலிருந்து? இந்த வாய்க்காலிலிருந்து. அன்று தண்ணீர் போனதா? போனது. எவ்வளவு? கொஞ்சம் யோசித்தார், பொய் சொல்ல மனம் வரவில்லை போல, இடுப்பளவு இருக்கும் என்றார். ஓடுகிற இடுப்பளவுத் தண்ணீரில் ஐந்து நாள் கிடந்த அருவாளில் ரத்தக் கறை எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, மகஜரில் எழுதியதில் கையெழுத்துப் போட்டேன் என்றார். நீதிபதி அதை வார்த்தை மாறாமல் பதிந்துகொண்டார். விடுதலை.

இதில் எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று பிரித்துப் பாருங்கள். அந்த மனிதர் வெட்டவில்லை என்று வாய்க்கால் நிரூபிக்கவில்லை. போலீஸ் சொன்ன விதத்தில் அருவாள் கிடைக்கவில்லை என்பதை மட்டும்தான் நிரூபித்தது. சட்டத்துக்கு அது போதும், போதவும் வேண்டும். சந்தர்ப்ப சாட்சியங்களை வைத்துத் தண்டிக்க வேண்டுமென்றால் சங்கிலியில் ஒரு கண்ணியும் விடக் கூடாது என்று 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது. ஆவணப்படங்கள் குழப்புவது இந்த இடத்தில்தான். அரசுத் தரப்புக் கதையில் ஓட்டை இருக்கிறது என்பதும், ஆள் நிரபராதி என்பதும் இரண்டு வேறு செய்திகள். முதலாவதை ஒரு படம் உறுதியாகக் காட்ட முடியும். இரண்டாவதைக் காட்ட டி.என்.ஏ. வேண்டும், அல்லது உண்மையான ஆள் சிக்க வேண்டும், அல்லது அந்த நேரத்தில் அவர் வேறு ஊரில் இருந்ததற்கு அசைக்க முடியாத ஆதாரம் வேண்டும். பின்னணி இசையைப் போட்டு முதலாவதை இரண்டாவதாக மாற்றிவிடுவார்கள். பார்க்கும்போது அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதாவது பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி ஒளியாகப் பதிய வேண்டும் என்கிறது அதன் 105ஆம் பிரிவு. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் ஆட்கள் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்பதும் இருக்கிறது, மாநிலங்கள் படிப்படியாகக் கொண்டுவர ஐந்து வருஷ அவகாசத்தோடு. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் பதிவு தொடங்குவது எதிரி புதரைக் கை காட்டும்போது. முந்தின ராத்திரி அதில் இல்லை. ஸ்டேஷன்களில், எந்தப் பகுதியும் விடுபடாமல், சி.சி.டி.வி. வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, ஸ்டேஷன் கேமரா பதிவு அன்றன்றைக்கே தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை நேரில் போன மாஜிஸ்திரேட் அறிக்கையில் எழுதினார். அமெரிக்கப் படங்களில் நம்மை உட்கார வைக்கிற அந்த விசாரணைக் காட்சி நம் வழக்குகளில் இல்லாமல் போவது இப்படித்தான். இங்கே நமக்குக் கிடைப்பது காகிதம்.

தமிழில் இந்த வகைப் படங்களே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இருக்கின்றன. நம் மண்ணைப் பற்றியே இருக்கிறது. கீழ்வெண்மணியைப் பற்றி பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் எடுத்த ‘ராமையாவின் குடிசை’. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970இல் மிராசுதார் உள்ளிட்டவர்களுக்குப் பத்து வருஷத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரிய நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், ஆளை ஏவாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பு போயிற்று. டெல்டாவில் கோர்ட் தவறியது என்று கிழவர் யாரிடமாவது கேட்டால் நிரபராதி உள்ளே போன கதையைச் சொல்ல மாட்டார், இதைத்தான் சொல்வார். அந்தப் படத்தால் எந்தத் தீர்ப்பும் மாறவில்லை, மாறவும் வழியில்லை. தப்பிப் பிழைத்தவர்கள் தங்கள் வாயால் சொன்னது பதிவாகி இருக்கிறது, அதுவே அதன் வேலை.

இன்னொன்று ‘உயிர்வலி’, 2013இல் வந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் அதில் பேசுகிறார். தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாகச் சொல்கிறார். எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி பதிகிற வாக்குமூலம் செல்லும் என்று அப்போதைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா சொன்னதால்தான் அந்தக் காகிதத்துக்கு அவ்வளவு எடை. 1999இல் உச்ச நீதிமன்றம் தடா குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்று சொன்ன பிறகும், அந்த வாக்குமூலங்களை மற்றக் குற்றங்களுக்குப் பயன்படுத்தலாம் என்றது. இந்திய ஆவணப்படம் ஒன்றில், பதிந்த அதிகாரியே தன் பதிவைக் குறை சொல்வது பெரிய விஷயம். ஆனால் 2022 மே 18இல் பேரறிவாளன் வெளியே வந்தது அந்த அடிப்படையில் அல்ல. மாநில அமைச்சரவையின் விடுதலைப் பரிந்துரை ஆளுநரிடம் கிடப்பில் கிடந்ததை எடுத்துக்கொண்டு, அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தண்டனைத் தீர்ப்பு ரத்தாகவில்லை. அவர் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் வெளியே வந்ததையும் தீர்ப்பு ரத்தாவதையும் கலந்து பேசுகிறார்கள், நீங்கள் கலக்காதீர்கள்.

எந்தப் படத்தை நம்பலாம் என்றால், அரசுத் தரப்பின் பலமான சாட்சியத்தை மறைக்காமல் முதல் பாதியிலேயே வைக்கிற படத்தை. எனக்குப் பிடித்தது ‘மர்டர் ஆன் எ சண்டே மார்னிங்’, 2001. ஃப்ளோரிடாவில் சுற்றுலா வந்த பெண் ஒருவர் சுடப்படுகிறார். சில மணி நேரத்துக்குள் தெருவில் நடந்து போன 15 வயதுக் கறுப்பினப் பையனைப் பிடிக்கிறார்கள். செத்தவரின் கணவர் இவன்தான் என்கிறார், பையனின் கையெழுத்தோடு வாக்குமூலமும் இருக்கிறது. இரண்டும் ஆரம்பத்திலேயே நம் முன்னால் வைக்கப்படுகின்றன. அரசு செலவில் வாதாடுகிற இரண்டு பப்ளிக் டிஃபெண்டர்கள் கால்நடையாகச் சம்பவ இடத்துக்குப் போய், போலீஸ் செய்யாமல் விட்டதை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறார்கள். ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் விடுதலை என்றது. திருடுபோன கைப்பையில் இருந்த ரேகை பின்னால் வேறு ஒருவனைக் காட்டியது. குறுக்கு விசாரணை கற்க வருகிற ஜூனியர்களை இதைத்தான் பார்க்கச் சொல்வேன். படம் எடுத்ததால் நடந்த விடுதலை இல்லை அது, வக்கீல் வேலை செய்ததால் நடந்தது. கேமரா கூட நின்றது, அவ்வளவே.

நம் நாட்டுச் சிறைகளில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தவறான தண்டனையைவிட, தண்டனையே இல்லாமல் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்து விடுதலையாவதுதான் இங்கே அன்றாடம். அதைப் படமெடுக்க ஆளில்லை, அதில் திருப்பம் கிடையாதே. தவறாகத் தண்டிக்கப்பட்டதற்கும் உதாரணம் இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தில் நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேருக்கு 2009இல் உச்ச நீதிமன்றமே மரண தண்டனை என்றது. 2019இல் அதே உச்ச நீதிமன்றம், போலீஸ் ஆல்பத்திலிருந்து சாட்சி வேறு நாலு பேரை அடையாளம் காட்டியதை அரசுத் தரப்பு கண்டுகொள்ளவே இல்லை என்று கண்டு, ஆறு பேரையும் விடுவித்து ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. அந்த உண்மை ஆரம்பம் முதலே கட்டுக்குள்ளேதான் இருந்தது. நஷ்டஈட்டுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இல் தன் 277ஆம் அறிக்கையில் கேட்டது, நடக்கவில்லை. இங்கிலாந்தில் 1997 முதல் முடிந்த வழக்குகளைத் திரும்பத் தோண்டிப் பார்க்கத் தனி ஆணையம் உண்டு. நமக்கு அதுவும் இல்லை.

எனவே உங்கள் ஊர்க்காரருக்காக இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தீர்ப்பு நகலை வாங்குங்கள், தண்டிக்கப்பட்டவருக்கு அது இலவசம். பிறகு கட்டு: எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர், மாதிரி வரைபடம், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, சாட்சிகள் கோர்ட்டில் சொன்னதன் நகல்கள். எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்ற குறிப்பு அதிலேயே இருக்கும். ஸ்டேஷனில் பதிந்த நேரத்துக்கும் அதற்கும் இடைவெளி அதிகம் என்றால் வக்கீலுக்கு அது முதல் கேள்வி. ராத்திரி சம்பவம் என்றால் தெருவிளக்கு மகஜரில் இருக்கிறதா, வரைபடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் அதுதான். கண்ணால் கண்டேன் என்ற சாட்சி நின்றதாகச் சொன்ன இடத்தில் நின்று, அதே நேரத்தில், என்ன தெரிகிறது என்று எடுங்கள். அந்த மெமரி கார்டை அழிக்காமல் அப்படியே வையுங்கள். மின்னணுப் பதிவுகளுக்கென்று சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கிற சான்றிதழ் இல்லாமல் அந்தப் பதிவின் நகல் கோர்ட்டில் நிற்காது.

சாட்சியைக் கேமரா முன்னால் உட்கார வைத்து ‘அன்று பொய் சொன்னேன்’ என்று சொல்ல வைக்கிற ஆசை வரும். வேண்டாம். பிரமாணம் இல்லாத பேச்சு சாட்சியமாகாது. அவர் மேல் பொய்ச் சாட்சி வழக்கு வரலாம், உங்கள் மேல் சாட்சியைக் கலைத்ததாக வரலாம். அப்படி ஒருவர் பேசத் தயார் என்றால் வக்கீலிடம் சொல்லுங்கள். மேல்முறையீட்டிலேயே கூடுதல் சாட்சியம் எடுக்க பி.என்.எஸ்.எஸ். 432ஆம் பிரிவு இடம் தருகிறது, லேசில் அனுமதிக்க மாட்டார்கள் என்றாலும். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்பது 430இன் கீழ். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது படத்தை வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்புச் சிக்கல் வரலாம். முடிந்த தீர்ப்பை நியாயமாக விமர்சிக்கத் தடையில்லை.

மேல்முறையீடு போட்டிருக்கிறார்களா என்றே நீங்கள் எழுதவில்லை. அமர்வு நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து 60 நாள், தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுவோடு போடலாம். கும்பகோணம், தஞ்சாவூர் வழக்கென்றால் மதுரைக் கிளை. உங்களுடையது திருவாரூர் மாவட்டம், அதனால் சென்னை. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சிறையிலிருந்தே சட்ட உதவி கேட்டு எழுதிக் கொடுக்கலாம், அல்லது அவர் மனைவி திருவாரூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தீர்ப்பு நகலோடு போய் மனுக் கொடுக்கலாம். வழக்கு நிலவரத்தை இ-கோர்ட்ஸ் தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும்.